பவுனுக்கு ஒரு சட்டை

ஜெப்சன் ஊருக்கு வரும் நாள் ஒருவழியாக வந்தேவிட்டது. ஒன்றரை வருஷமாக அந்த நாளை எதிர்பார்த்துக் கிடந்த ஸ்மைலின், அன்று காலை கண் விழித்ததும், விமானம் இன்னும் ஒரு வாரம் கழித்துப் பறந்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தாள்.

போன வாரம் நடந்த சண்டைதான் காரணம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோஹாவிலிருந்து ஜெப்சன் போன் போட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டான். கட்டின பெண்டாட்டியை எவ்வளவு அருமையாக விசாரிக்கிறான் என்று ஸ்மைலினுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "ஆச்சு. புட்டும் பயறும். உங்களுக்கு?" என்றாள்.

"உன்னையில்ல, பவுனுக்கு," என்றான் அவன்.

பவுனு என்றால் நகை இல்லை. எட்டுக்காலி. உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிது. கறுத்த உடம்பு முழுக்க மயிர், கால் மூட்டுகளில் மட்டும் சரிகை வைத்தது போல மஞ்சள் கோடு. அதைப் பார்த்துத்தான் ஜெப்சன் அந்தப் பெயரை வைத்தான். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சிநேகிதனிடம் குஞ்சாக வாங்கியது. கல்யாணம் கழிந்த கையோடு கல்ஃபுக்குப் போனவன், எட்டுக்காலியையும் பெண்டாட்டியையும் குலசேகரம் வீட்டில் ஒன்றாக விட்டுப்போனான். இதில் யாரை யார் பொறுப்பில் விட்டான் என்று ஸ்மைலினுக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகமெல்லாம் சேர்ந்து அன்றைக்குப் போனில் வெடித்துவிட்டது. "அந்தச் சாதனத்தை உறும்பு தின்னு தீர்க்கட்டும்! அப்பமாவது நீங்க என்னை விசாரிப்பியளான்னு பாக்கேன்!"

அவன் போனை வைத்துவிட்டான். அதன்பிறகு அவன் அவளுடைய போனுக்குக் கூப்பிடவேயில்லை. அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிட்டான்.

சொல்லிவிட்டாளே தவிர, எறும்பு விஷயத்தில் ஸ்மைலினைக் குறை சொல்ல முடியாது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீடு. மழை பெய்தால் எறும்பு வீட்டுக்குள் வரும், வெயில் அடித்தால் அதைவிட அதிகமாக வரும். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதையும் அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. எறும்பைக் கொல்கிற மருந்து பவுனையும் கொன்றுவிடும் என்று ஜெப்சன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அதனால் சாப்பாடு வைக்கும் பழைய கம்பிவலை அலமாரிக்குச் செய்வதைத்தான் அவள் இதற்கும் செய்தாள். கண்ணாடிப் பெட்டி வைத்த மேசையின் நாலு காலையும் நாலு கிண்ணத்தில் நிறுத்தி, கிண்ணம் நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே மேசைக்காலில் சுற்றிலும் வாசலின். பவுனு தின்று போட்ட கரப்பான் காலைக்கூட இடுக்கியால் பொறுக்கி எடுத்து வெளியே போட்டுவிடுவாள். ஒன்றரை வருஷத்தில் ஒரு எறும்பு அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை.

சண்டைக்குப் பிறகும் தண்ணீர் ஊற்றத் தவறவில்லை. பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கி உள்ளே பார்ப்பதைத்தான் இரண்டு மூன்று நாளாக விட்டிருந்தாள். கோபம். எட்டுக்காலியிடம் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று காலை மாமனார் ராஜையன் மகனைக் கூட்டிவர டாக்சி பிடித்துத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிப் போனார். அடுக்களையில் மாமியார் ஜெயபாய், மகனுக்குப் பிடிக்குமென்று நெய்மீனை வைத்துக்கொண்டு தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஸ்மைலின் பக்கத்து அறைக்குப் போனாள். இன்றைக்காவது பவுனு முகத்தில் முழிப்போம், அதற்கு முகம் எங்கே இருக்கிறதோ தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று துணியைத் தூக்கினாள்.

தூக்கியவள் கை அப்படியே நின்றுவிட்டது.

பெட்டியின் கண்ணாடி மேல் செம்பழுப்பாக ஒரு கோடு. கோடு நகர்ந்தது. எறும்பு! கம்பிவலை மூடியின் இடுக்கு வழியாக இறங்கி, உள்ளே தேங்காய்நார்த் தூளின் மேல் கிடந்த பவுனை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மல்லாந்து கிடந்த பவுனின் எட்டுக் காலும் உள்பக்கம் சுருண்டிருந்தன.

"அய்யோ ஆண்டவரே..."

அவள் முதலில் குனிந்து பார்த்தது கிண்ணங்களைத்தான். நாலிலும் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. ஒரு எறும்புகூட மிதக்கவில்லை. வாசலின் அப்படியே இருந்தது. பின்னே எப்படி வந்தது? பறந்தா?

யோசிக்க நேரமில்லை. மூடியைத் திறந்தாள். இடுக்கியை விட்டு பவுனைப் பிடித்துத் தூக்கினாள். எறும்பு இடுக்கி வழியாக ஏறி அவள் கையைப் பிடுங்கியது. ஊதினாள், தட்டினாள், ஈரத்துணியால் துடைத்தாள். பவுனு அசையவில்லை. வறுத்த கடலையின் தோல் மாதிரிக் கனமே இல்லாமல் இருந்தது. கால் இருந்தது, மயிர் இருந்தது, பல்கூட இருந்தது. முதுகுப் பக்கம் மூடி கழன்றது போலத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும் தின்றுவிட்டன. மேலோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன.

ஸ்மைலின் தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. வந்த புதிதில் இந்த அறைப் பக்கமே போகமாட்டாளே! ஆனால் மாமனார் கடைக்கும் மாமியார் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கும் போன பிறகு, மத்தியான வேளையில் அவள் பேச்சைக் குறுக்கே புகுந்து கெடுக்காமல் கேட்ட ஒரே ஜீவன் இதுதான். திற்பரப்பில் அம்மா வீட்டை நினைத்து ஏங்கியதையெல்லாம் இதனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அழுகைக்கு நடுவே ஒரு பயம் எழுந்து நின்றது. 'உறும்பு தின்னு தீர்க்கட்டும்' என்று சொன்னது யார்? அவள்தான். தின்று தீர்த்துவிட்டது. இனி அவள் என்ன சொன்னாலும் ஜெப்சன் நம்புவானா?

"ஏட்டி, என்ன சத்தம்?" என்று கேட்டபடி கரண்டியோடு வந்த ஜெயபாய், வாசலிலேயே நின்று அலறினாள். "எனக்க கர்த்தாவே! செத்துப்போச்சா? இன்னைக்கா? அவன் வாற அன்னைக்கா?"

"உறும்பு மாமி..."

"உறும்பு எப்பிடி வந்து? நீ வெள்ளம் ஊத்தல்லியா?"

"ஊத்தினேன். பாருங்க."

ஜெயபாய் குனிந்து பார்த்தாள். கிண்ணத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் குழம்பினாள். ஆனால் அவள் குழப்பத்தில் நீண்டநேரம் நிற்கிற ஆள் இல்லை. குழப்பம் வந்தால் உடனே எதையாவது கழுவ வேண்டும் அவளுக்கு.

"சரி, எந்திரி. செத்ததை அந்த ஐஸ்கிரீம் டப்பால எடுத்து வை, அவன் வந்து பாக்கட்டும். இந்தப் பெட்டியை இப்பிடி உறும்போட போட்டிருந்தா வீடு முழுக்கப் பரவிப் போவும்."

ஸ்மைலின் டப்பாவை மூடுவதற்குள் அவள் கண்ணாடிப் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். உள்ளே இருந்த நார்த்தூளையும், பவுனு ஒளிந்துகொள்வதற்காக வைத்திருந்த சிரட்டையையும் பலா மரத்து அடிமூட்டில் கவிழ்த்தாள். பெட்டியை சோப்புத்தூள் போட்டு நாலு தண்ணீரில் கழுவினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ராகேல் நின்றாள். ஆந்தூரியம் வளர்ப்பதில் அந்த வட்டாரத்தில் ராகேலை அடிக்க ஆள் கிடையாது.

"என்னக்கா, இவ்வளவு நல்ல நார்ச்சோற வீணாத் தட்டுறிய? எனக்க தொட்டிக்கு எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கோ எடுத்துக்கோ. சிரட்டையையும் சேத்துக் கொண்டுபோ," என்றாள் ஜெயபாய். ராகேல் ஒரு சருவப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, ஈரக்கட்டி உடையாமல் சிரட்டையோடு அப்படியே வாரிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஸ்மைலினுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பவும் அந்த அறைக்குப் போனாள். கழுவிய பெட்டியை ஜெயபாய் மேசையில் வைத்து, துணியையும் பழையபடி போட்டு மூடியிருந்தாள். எறும்பு இன்னும் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்காமல் இந்த இடத்தை விட்டுப் போவதில்லை என்று ஸ்மைலின் அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள்.

வரிசை தரையில் இல்லை. கிண்ணத்தின் பக்கமே இல்லை. ஜன்னல் கட்டையிலிருந்து நேராக வந்தது. ஜன்னல் கட்டையிலிருந்து மேசைக்கு எப்படி?

துணி வழியாக.

அந்தத் துணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜெயபாய்க்கு ஊசியும் நூலும் கிடைத்தால் போதும், ஊரையே தைத்து மூடிவிடுவாள். கோட்டாற்றில் வெள்ளைத் துணி எடுத்து, ஓரத்தில் பூ வேலை செய்து, டிவிக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று என்று தைத்துப் போட்டிருந்தாள். அவற்றுக்கு அந்த வீட்டில் பெயர் 'சட்டை'. டிவிச் சட்டை, மிக்ஸிச் சட்டை. அந்த வீட்டில் சட்டை போடாமல் உலாவுவது ராஜையன் ஒருவர்தான். பவுனைக் கண்ணால் பார்க்கப் பயந்துகொண்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள்.

பழைய துணியாக இருந்தபோது அது பெட்டியோடு ஒட்டித் தொங்கும். இப்போது விறைப்பாக, பாதிரியார் அங்கி மாதிரி விரிந்து நின்றது. அதன் ஒரு மூலை ஜன்னல் கட்டையில் போய் முட்டிக்கொண்டிருந்தது. பாலம் போட்டுக் கொடுத்தது போல எறும்பு அதன்மேல் போய்க்கொண்டிருந்தது.

ஸ்மைலின் துணியை விரலால் தேய்த்து முகர்ந்தாள். கஞ்சி.

"மாமி," என்று அடுக்களைக்குப் போய் நின்றாள். "பவுனுக்க சட்டைக்கு நீங்க கஞ்சி போட்டியளா?"

"ஆமா. நேத்துக் காலத்த அலசிக் கஞ்சி முக்கி உணக்கி, அந்திக்குப் போட்டேன். கண்ணை மூடிக்கிட்டுத்தான் போட்டேன், பேடியாட்டு இருந்து. ஏன்?"

"எதுக்கு மாமி?"

"எதுக்கா? அவன்தானே போன்ல சொன்னான்! அந்த நெட் போன்ல பாதி கேக்கும், பாதி கேக்காது. 'பவுனு சட்டை மாத்தும்... மாத்தணும்...' அப்பிடி என்னமோ சொன்னான். மாத்துக்குத் துணி இல்லே, அதனால அலசிப் போட்டேன்."

ஸ்மைலினுக்கு விளங்கவில்லை. சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறவன், தோஹாவிலிருந்து போன் போட்டுப் பெட்டித் துணியை மாற்றச் சொன்னானா? ஒருவேளை தான் வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தானோ? எதைக் கேட்டாலும் பாதிதான் விளங்குகிறது, மீதிப் பாதிக்கு யாரைப் போய்க் கேட்பது?

"கஞ்சி போட்டதால துணி விறைச்சு ஜன்னல்ல முட்டிட்டு மாமி. உறும்பு அதுவழியாக்கும் வந்திருக்கு. கஞ்சி வாசம் வேற."

ஜெயபாயின் கையிலிருந்து கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

"அப்போ... நானா கொன்னது?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"வேற எப்பிடி? எனக்க பிள்ளை பொன்னு போல வளத்தது!" அவள் மூக்கைச் சேலை முனையால் துடைத்தாள். பிறகு ஸ்மைலினின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "மக்ளே, அவன் வந்த உடனே சொல்லாண்டாம். ரெண்டு வாய் சோறு தின்னட்டும். பெறவு நானே பையச் சொல்லுதேன்."

ஸ்மைலின் தலையாட்டினாள். தலையை ஆட்டிய பிறகுதான், தான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று யோசித்தாள்.

வெயில் தாழும் நேரத்துக்கு டாக்சி வந்து நின்றது. ஜெப்சன் இறங்கினான். கொஞ்சம் தடித்திருந்தான். முடி கொஞ்சம் போயிருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டான். ஸ்மைலினைப் பார்த்தான். "சுகமா இருக்கியா?" என்று கேட்டான். "ம்," என்றாள். நேரில் கண்டதும் அவளுக்குச் சண்டை, கோபம் எல்லாம் மறந்தே போயிற்று. இவ்வளவு நாள் இவனுக்காகத்தானே காத்திருந்தோம் என்று அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

ராஜையன் பெட்டிகளை இறக்க டாக்சிக்காரனோடு நின்றுவிட்டார். ஜெயபாய், "கை கழுவு மக்கா, சோறு போடுதேன்," என்றாள்.

"பவுனப் பாத்துட்டு வாறேன்," என்று அவன் நேராக அறைக்குள் போனான்.

இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். அதற்குள் அவன் துணியைத் தூக்கிவிட்டான். கண்ணாடிப் பெட்டி பளபளவென்று வெறுமையாக இருந்தது.

ஜெப்சன் திரும்பினான். அம்மாவைப் பார்க்கவில்லை. ஸ்மைலினைப் பார்த்தான்.

"சொன்னது போலச் செஞ்சிட்டியா? நீதானா?"

அவ்வளவுதான் கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை. ஸ்மைலின் காலையிலிருந்து பயந்தது இதைத்தான். பயந்தபோதுகூட, இவன் அப்படிக் கேட்கமாட்டான் என்று ஒரு மூலையில் நம்பியிருந்தாள் போலிருக்கிறது. அந்த மூலையில்தான் இப்போது வலித்தது.

மாமியாரைப் பார்த்தாள். மாமி சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று ஸ்மைலின் நின்றாள். ஜெயபாய் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஸ்மைலின் அலமாரியிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ஜெப்சன் மூடியைத் திறந்தான். குனிந்து பார்த்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து ஜெயபாய்க்குப் பொறுக்க முடியவில்லை.

"மக்கா, அவளை ஒண்ணும் சொல்லாதே! நான்தான்! நான்தான் கஞ்சி போட்டேன்! நீதானே சட்டை மாத்தச் சொன்னே?"

ஜெப்சன் நிமிர்ந்தான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அம்மா! இது பவுனு இல்ல."

"பின்னே?"

"பவுனுக்க சட்டை! பாம்பு சட்டை உரிக்கும்லா? அதுபோல இதும் மல்லாந்து கெடந்து பழைய தோலை அப்பிடியே கழத்திப் போடும். காலும் மயிரும் பல்லும் எல்லாம் அதுல வரும். பாத்தா செத்தது போலயே இருக்கும். இரை எடுக்கல்லன்னு ஸ்மைலின் சொன்னதா நீங்க போன்ல சொன்னப்பவே நான் சொன்னேன்லா, பவுனு சட்டை மாத்தப்போவுது, கிட்டப் போவாண்டாம்னு!"

ஜெயபாய் கஞ்சி போட்ட துணியையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "சட்டைன்னா இதா?" என்றாள்.

ஸ்மைலினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "இது எனக்குத் தெரியாதே," என்றாள். "எனக்கு எல்லாம் சொல்லித் தந்திய. வெள்ளம் வைக்க, வாசலின் போட. இதை மட்டும் ஏன் சொல்லல்ல?"

"உன்னட்ட சொல்லல்லியா?"

"என்னட்ட பேசினாத்தானே சொல்லுவிய?"

அவன் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவனுக்கு வேறொன்று உறைத்தது. முகம் மாறியது.

"சட்டை இஞ்ச இருக்கு. பவுனு எங்க? பெட்டிக்குள்ள இருந்த மண்ணு, சிரட்டை எல்லாம் எங்க?"

"பிலாவு மூட்டுல தட்டினேன்," என்றாள் ஜெயபாய்.

"அய்யோ அம்மா! சிரட்டைக்கு அடியிலதான் இருக்கும். தோலு இப்பம் பஞ்சு போல இருக்கும். அது இறுகுற வரைக்கும் ஒரு வாரம் இருக்க இடத்தை விட்டு இளக்கவே கூடாது. உறும்பு நாலு கடிச்சாப் போச்சு. ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது!"

"பிலாவு மூட்டுலயும் இல்ல மக்கா. ராகேலு..."

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ராகேலின் குரல் வந்தது. ஆந்தூரியம் தொட்டிக்கு அந்திநேரத் தண்ணீர் ஊற்றப் போன ராகேல், நாலு வீடு கேட்கக் கூவினாள். "அய்யோ! ஓடி வாங்களேன்! எட்டுக்காலி! ராட்சச எட்டுக்காலி!"

ஜெப்சன் திரும்புவதற்குள் ஸ்மைலின் வாசலைத் தாண்டியிருந்தாள். செருப்பில்லை. வேலியில் சேலை மாட்டிக் கிழிந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

ராகேல் முற்றம் பெருக்கும் வாரியலை ஓங்கிக்கொண்டு நின்றாள். தொட்டியில் ஈரக்கட்டியின் மேல், சாய்ந்த சிரட்டையின் ஓரத்தில் பவுனு இருந்தது. கறுப்பெல்லாம் போய்ச் சாம்பலாக வெளுத்து, ஈரத்தோடு, பிறந்த பிள்ளை போலச் சுருங்கி. முன்கால் ஒன்றை மட்டும் மெதுவாகத் தூக்கித் தூக்கி வைத்தது. உயிரோடு இருக்கிறது!

"அடிக்காதீங்க அக்கா! எனக்க பவுனு!"

கையைக் குறுக்கே நீட்டினாள். வாரியல் ஸ்மைலினின் முழங்கையில் பளாரென்று விழுந்தது.

"பவுனா? எங்க கெடக்கு?" என்று ராகேல் தரையில் தேட ஆரம்பித்தாள்.

தொட்டியின் விளிம்பில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு. ஸ்மைலின் அவற்றை விரலால் நசுக்கினாள். "அக்கா, பெரிய சருவம் ஒண்ணு தாங்க. வெள்ளம் வேணும், வேகம்!" ராகேல் ஒன்றும் புரியாமல் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். தொட்டியை அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி, ஸ்மைலின் சருவத்துக்கு நடுவில் வைத்தாள். சுற்றிலும் தண்ணீர் நின்றது. கடைசி எறும்பு விளிம்பில் வந்து தயங்கித் திரும்பிப் போனது.

ஜெப்சன் கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஜெயபாய். தொட்டியைப் பார்த்தான், ஸ்மைலினின் முழங்கை சிவந்து தடித்திருப்பதைப் பார்த்தான்.

"ஸ்மைலின்... நீ போயிக் கையைப் பாரு. நான் பைய எடுத்து வீட்டுக்குக் கொண்டு வாறேன்."

"இளக்கப்படாதுன்னு இப்பத்தானே சொன்னிய?"

"அது... ஆமா. ஆனா இது ராகேல் அக்கா வீடு."

"இருக்கட்டும். இஞ்ச உறும்பு இல்லியா? யாராவது இருந்து பாக்கணும்." அவள் ராகேலின் வாசல்படியில் உட்கார்ந்தாள். "இது தோலு இறுகுற வரைக்கும் நான் இஞ்சதான் இருப்பேன்."

"ஏட்டி, அவன் இன்னைக்குத்தானே வந்திருக்கான்!" என்று ஜெயபாய் பதறினாள். "மீன்குழம்பெல்லாம் வச்சிருக்கு. நாட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

ஸ்மைலின் ஜெப்சனைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"வந்ததும் என்னட்ட ஒண்ணு கேட்டியல்லா? நீதானான்னு?" என்றாள். "அதை ஏன் கேட்டியன்னு யோசிச்சு வையுங்க. பவுனுக்கு ஒரு வாரம் ஆவும். உங்களுக்கு எவ்வளவு ஆவுமோ, எனக்குத் தெரியாது."

ஜெப்சன் வெறும் பெட்டியோடு நின்றான்.

ராகேல் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் உள்ளே போய் ஒரு பாயையும், ஒரே ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்து படிக்குப் பக்கத்தில் போட்டாள்.